ஊர்ப் பாட்டு என்று சொன்னவன்

என் அக்கா பாட்டுக்காரி. சினிமாவில் பாடுகிறவள் இல்லை. கல்யாண மேடையில் பாடுகிறவளும் இல்லை. தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே கிட்டார் வாசித்துப் பாடுகிறவள். "அப்படின்னா சோத்துக்கு?" என்று எங்கள் சித்தப்பா கேட்ட மாதிரி நீங்களும் கேட்பீர்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகத் துணி மடிக்கிறாள். அதே கூடத்தில் அம்மா முப்பத்து மூன்று வருஷம், விரிப்புகளைச் சூட்டில் தேய்க்கிற உருளை இயந்திரத்தின் முன்னால் நின்றாள். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கதையை அக்கா சொன்னால் நாலு வரியில் முடித்துவிட்டு, "போகட்டும், விடுங்க" என்பாள். எனக்கு அப்படி விடத் தெரியாது. அதனால் நானே சொல்கிறேன்.

அவளுடைய முதல் கிட்டார் பழைய சாமான் கடையில் வாங்கியது. தந்தி முறுக்குகிற ஆணிகளில் ஒன்று தலை உடைந்து போயிருந்தது. அதைத் திருகக் குறடு வேண்டும். குறடு கேட்டுப் போனது பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்கு. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே ஏழெட்டுப் பேர் டயர் அடுக்கின் மேலும் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேலும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தபால்காரர், பள்ளிக்கூடத்தில் சமைக்கிற ஒரு அம்மா, ஒரு லாரி டிரைவர். கடைக்காரர் தகர டப்பாவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். குறட்டை நீட்டி, "சுருதி சேர்த்துட்டு அப்படியே ஒண்ணு பாடிட்டுப் போம்மா" என்றார். போனவள் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவள் வீட்டில் இருந்ததில்லை.

அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம். அடுத்தவர் கட்டிய பாட்டைப் பாடினால், பாடுவதற்கு முன்னால் கட்டியவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொன்ன பாட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. கட்டியவர் யாரென்றே தெரியாத பழைய பாட்டாக இருந்தால், "இது ஊர்ப் பாட்டு" என்று சொல்லிவிட்டுப் பாடலாம். அப்போது அங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் ஒரு சரணம் சேர்க்கலாம், வெட்டலாம், கிண்டலடிக்கலாம், கேட்பாரே கிடையாது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் லாரி டிரைவர் ஒருமுறை தபால்காரர் பாட்டில் ஒரு வரியை மாற்றிவிட்டு, மூன்று வாரம் வாயைத் திறக்க விடாமல் உட்கார வைக்கப்பட்டார்.

அக்கா நூலகக் கூடத்தில் பாடினாள், தொழிற்சங்கக் கூட்டத்தில் பாடினாள், ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் பாடினாள். சலவைக்கூடத்தில் விரிப்பு அடுக்கி வைக்கிற அறைக்குள் போனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தாள். கூரை வரை அடுக்கிய விரிப்புகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். ஏழு பாட்டு சேர்ந்ததும் ஒரு தொகுப்பு போட்டாள். எங்கள் ஜெராக்ஸ் கடை முதலாளி சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, அதற்கு அட்டை அச்சடித்துக் கொடுத்தது யார்? நான்தான். கேட்ட ஒரு ஆள், "உங்க குரல்ல சோப்பு வாசனை அடிக்குது" என்று சொன்னான். அக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

எட்டாவதாக ஒரு பாட்டு இருந்தது. அதை மட்டும் தொகுப்பில் சேர்க்கவில்லை. அது அம்மாவைப் பற்றிய பாட்டு. அம்மா ஓய்வு பெறுகிற நாளில், சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோர் முன்னாலும், அம்மா முதல் தடவையாக அதைக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதனால் அம்மா இருக்கும்போது வீட்டில்கூடப் பாட மாட்டாள்.

யாரோ படுக்க விரிப்பைத் தேய்ச்சா
யாரோ எழும்ப மடிச்சு வெச்சா
நாலு முனையும் நேராச் சேர்த்தா
நடுவில் மட்டும் கைய வெச்சா

அம்மா அப்படித்தான் செய்வாள். விரிப்பை மடித்து முடித்ததும் நடுவில் ஒரு நொடி உள்ளங்கையை வைத்து எடுப்பாள். ஏன் என்று கேட்டால், "அதுல படுக்கப் போறது ஒரு நோயாளிடீ" என்பாள். மூன்றாவது சரணத்தில் அம்மாவின் விரல்கள் வரும். வலது கையில் இரண்டு விரல்கள் உருளையில் சிக்கி வெந்து போனவை. 'உருளை தின்ன விரலு ரெண்டு' என்று அந்தச் சரணம் தொடங்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

இந்த நேரத்தில்தான் அவன் வந்தான். எப்போது பார்த்தாலும் தோளில் ஒரு சால்வை, கொளுத்துகிற வெயிலிலும் சால்வை. நாங்கள் அவனைச் சால்வை என்றே சொல்லுவோம். நல்ல குரல், அதை மட்டும் மறுக்க மாட்டேன். பெரிய அரங்குகளில் பாடுகிறவன், மக்கள் பாட்டைத் தேடி அலைகிறேன் என்று சொல்லிக்கொண்டு சைக்கிள் கடைக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்தான். அக்கா அன்றைக்கு அந்தப் பாட்டைச் சரிபார்க்க வேண்டி முதல் தடவையாக வெளியில் பாடினாள். "இது என் பாட்டு, எங்கம்மாவைப் பத்தினது" என்று சட்டப்படி சொல்லிவிட்டுத்தான் பாடினாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சகோதரி, இது ஊரெல்லாம் ஒலிக்க வேண்டிய பாட்டு. நான் பதிவு பண்றேன். உங்க பேரைப் பெருசாப் போடறேன்" என்றான்.

அக்கா நம்பினாள். அவன் வெளியிடப்போவது அம்மாவின் கடைசி நாளுக்குப் பிறகுதான் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, மூன்று ஞாயிறு உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்பதுவரை சொல்லிக் கொடுத்தாள். நான் அப்போதே சொன்னேன், "சகோதரி சகோதரின்னு வாயெல்லாம் தேனா இருக்கு, ஜாக்கிரதை" என்று. "உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, அம்மா அடுப்படியில் நிற்கிறாள், வானொலியில் பாட்டு வருகிறது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "யாரோ என் கையைப் பார்த்துப் பாடின மாதிரி இருக்கே" என்றாள். அடுத்த நிமிஷம் சால்வையின் பேச்சு வந்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டாம். ஆற்றங்கரையில் ஒரு கிழவி பாடக் கேட்டுச் சேகரித்தானாம். கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாதாம், இது ஊர்ப் பாட்டாம்! உருளையை எடுத்துவிட்டு, 'ஆத்துக் கல்லு தின்ன விரலு' என்று மாற்றிப் பாடியிருந்தான். கல் எங்கேயாவது விரலைத் தின்னுமா? அந்த ஆள் தன் கைக்குட்டையையாவது ஒரு நாள் துவைத்திருப்பானா?

அக்கா வானொலியை அணைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தனக்காக வைத்திருந்த பாட்டை அம்மா அப்படித்தான், அந்தத் திருட்டு வாயிலிருந்துதான் முதலில் கேட்டாள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அக்கா அவனுக்குப் போன் செய்தாள். "பழசுன்னாத்தான் ஜனங்க உருகறாங்க, சகோதரி. ஒரு பாட்டு ஊர்ப் பாட்டாகிறது எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா?" என்றான். கௌரவமாம். நான் போனைப் பிடுங்கி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். வைத்துவிட்டான். எங்கள் கடைக்கு நகல் எடுக்க வருகிற வக்கீல், "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். எழுத்தில் எங்கே இருக்கிறது? சைக்கிள் கடையில் எட்டுப் பேர் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அதைவிட மோசம் சலவைக்கூடத்தில் நடந்தது. அங்கே எல்லோரும் அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா பெருமை தாங்காமல், "இது என்னைப் பத்தின பாட்டு, என் பொண்ணு கட்டினது" என்று சொல்லிவிட்டாள். "இருநூறு வருஷப் பாட்டு உங்களைப் பத்தினதா? உங்க வயசு என்னக்கா?" என்று கேட்டு ஒருத்தி சிரித்தாளாம். கூடவே எல்லோரும் சிரித்தார்களாம். மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டு, "அடுத்தவங்க பாட்டைச் சொந்தம்னு சொல்றது நல்லா இல்லம்மா" என்று அறிவுரை வேறு சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். நடந்ததைச் சொன்னாள். பிறகு அந்தப் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்றைக்குத்தான் அக்கா மாறினாள். என்னைப் போலக் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிறு வரை காத்திருந்தாள். கடையில் எல்லோரும் உட்கார்ந்ததும், மிக மெதுவாகக் கேட்டாள்.

"ஊர்ப் பாட்டுன்னா யார் வேணா சரணம் சேர்க்கலாம்ல?"

கடைக்காரர் தகர டப்பாவைக் கீழே வைத்தார். "ஆமா, அதுதான் சட்டம்" என்றார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. தபால்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். "அவனே அவன் வாயால சொல்லிட்டானே! எல்லாரும் சேருங்கடா!" என்று லாரி டிரைவர் எழுந்தே விட்டார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டைத் தான் கட்டியதாக அவன் சொல்லியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. யாருமே கட்டவில்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டான். இனி யார் அதில் எதைச் சேர்த்தாலும் அவன் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மதியமே புதுச் சரணம் பிறந்தது. முதல் இரண்டு வரி அக்கா சொன்னாள். கடைசி இரண்டு வரி நான் சொன்னேன். பாட்டென்று நான் வாழ்க்கையில் கட்டியது அந்த இரண்டு வரிதான்.

யாரோ தேய்ச்ச துணியை எடுத்தான்
தோளில் போட்டு மேடை ஏறினான்
யாருதுன்னு கேட்டுப் பார்த்தா
ஊருதுன்னு கையை விரிச்சான்

கடைசி வரி வரும்போது பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் இரண்டு கையையும் அகல விரிக்க வேண்டும். அதுவும் என் யோசனைதான். கடையில் மிச்சம் விழுகிற காகிதத்தில் அந்தச் சரணத்தை அடித்து, நகல் எடுக்க வருகிற ஒவ்வொருவர் காகிதக் கட்டுக்குள்ளும் ஒன்று சொருகினேன். ஜாதகம் நகலெடுக்க வந்தவருக்கும் ஒன்று, வாடகை ஒப்பந்தம் எடுக்க வந்தவருக்கும் ஒன்று. சமையல்காரம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் கையில் ஒரு பாட்டு போனால் கேட்கவா வேண்டும்? லாரி டிரைவர் போகிற ஊரெல்லாம் இறக்கிவிட்டு வந்தார். அக்கா சுரங்கப்பாதையில் காலையும் மாலையும் அதையே பாடினாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. வேறு எதையும் பாடவில்லை. பழைய ஏழு பாட்டையும் மறந்துவிட்டாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மறக்கட்டுமே, முதலில் இவனை முடிப்போம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் எவராவது குடையை இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை என்றால், "ஊருதுன்னு கையை விரிச்சான்" என்று பாடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

சால்வையின் பெரிய நிகழ்ச்சி ஒன்று நகர அரங்கில் நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டாமா? அவன் கண்ணை மூடிக்கொண்டு முதல் சரணத்தை உருகி உருகிப் பாடினான். மூச்சு எடுக்க ஒரு நொடி நிறுத்தினான். அக்கா சொல்லிக் கொடுத்த அதே இடம். அந்த ஒரு நொடியில் பின்வரிசையிலிருந்து தொடங்கியது, "யாரோ தேய்ச்ச துணியை எடுத்தான்..." அரங்கம் முழுக்க ஏறிக்கொண்டது. கடைசி வரியில் ஆயிரம் ஜோடிக் கைகள் விரிந்தன. அவன் கை தானாகத் தோளுக்குப் போய்ச் சால்வையைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துச் சிரிப்பு இன்னும் அதிகமானது. நான் சிரிக்கவில்லை. நன்றாகப் பார்த்தேன். அம்மா முகம் கழுவிய அந்தச் சாயங்காலத்துக்கு இதுதான்டா பதில் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு இனிப்பாக நான் எதையும் தின்றதில்லை.

மறுநாள் நிருபர்களிடம், பாட்டைத் திரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். "ஊர்ப் பாட்டுன்னு சொன்னீங்களே, அப்போ யார்கிட்ட அனுமதி கேக்கணும்?" என்று ஒரு பெண் நிருபர் கேட்டாளாம். அடுத்த மூன்று நிகழ்ச்சிகளை ரத்து செய்தான். நாலாவது வாரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான், சால்வை இல்லாமல்.

"நிறுத்தச் சொல்லுங்க. தெருவுல நடக்க முடியலை" என்றான். இந்தத் தடவை 'சகோதரி' என்ற சொல் வரவில்லை.

அக்கா உட்காரச் சொல்லவில்லை. "நிறுத்தச் சொல்ல நான் யாரு? ஊர்ப் பாட்டாச்சே" என்றாள்.

"என்ன செய்யணும் சொல்லுங்க."

"எந்த வானொலியில சொன்னீங்களோ அங்கேயே போய்ச் சொல்லுங்க, யாரு கட்டினதுன்னு, யாரைப் பத்தினதுன்னு, உருளைதான் கல்லு இல்லைன்னு. அப்புறம் சொந்தக்காரியா நான் ஜனங்ககிட்ட சொல்றேன்."

சொன்னான். குரல் உள்ளே போனாலும் சொன்னான். அக்காவின் பெயரை முழுதாகச் சொன்னான், அம்மாவின் பெயரையும் சொன்னான். மேற்பார்வையாளர் அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். சிரித்தவள் அழுதாள். அம்மா இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தாள். "கடைசி நாள்ல பாடுவேல்ல?" என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா தலையாட்டினாள். தன் பங்குக்கு எல்லோரிடமும் அந்தச் சரணத்தை நிறுத்தச் சொன்னாள். சைக்கிள் கடையில் நிறுத்தினார்கள். ஊரில் யார் கேட்டார்கள்? நானும் காகிதம் சொருகுவதை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் ஆயிற்றா?

அம்மா ஓய்வு பெற்ற நாள். மடிக்கிற மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, நாற்பது பெண்கள் சுற்றி நின்றார்கள். அம்மாவை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அக்கா கிட்டாரை எடுத்து, "இது என் பாட்டு, எங்கம்மாவைப் பத்தினது" என்று சொல்லித் தொடங்கினாள். முதல் வரி பாடினாள். இரண்டாம் வரியில் எல்லோரும் ஆசையாகச் சேர்ந்துகொண்டார்கள். அம்மா வெந்த விரல்களை மடியில் மறைக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள். நாலாவது வரியில் நாற்பது பெண்களும் கையை அகல விரித்து, "ஊருதுன்னு கையை விரிச்சான்!" என்று கூவினார்கள். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை. எங்களுக்காகத்தான், எங்கள் பக்கம் நின்றுதான் அப்படிக் கூவினார்கள். அக்கா மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதேதான். மூன்றாம் தடவை அம்மாவே கை தட்டி, "போதும், போதும், எல்லாரும் சாப்பிடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தாள். "இங்க யாரும் இல்ல. இப்போ பாடு, எனக்கு மட்டும்" என்றாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். 'யாரோ படுக்க விரிப்பைத் தேய்ச்சா. யாரோ எழும்ப மடிச்சு வெச்சா. நாலு முனையும் நேராச் சேர்த்தா.' அடுத்த வரியில் அவள் வாய் தானாகவே, 'ஊருதுன்னு கையை விரிச்சான்' என்று போனது. நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினாள். அதே இடத்தில் திரும்பவும் நின்றாள். கட்டிய வரி அவளுக்கே வரவில்லை. கிட்டார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அம்மா கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அவனை ஏன்டீ என் பாட்டுக்குள்ள கொண்டுவந்து உட்கார வெச்சே?"

அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள். அந்த வரியை எழுதியவள் நான் என்று அம்மாவுக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஊரைக் கூட்டிக் கத்துகிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.